அக்கா மகள் கிளாசிக்ஸ் படிக்கப்போறாளாம், சோறு போடுமா?

கேள்வி, 09.09.2023, இரவு 9.12

அக்கா குடும்பம் இங்கிலாந்துல இருக்கு, இருபது வருசமாச்சு. மூத்தவ ஏ-லெவல், நம்ம பிளஸ் டூ மாதிரி, கடைசி வருசம். கணக்கு, வேதியியல், லத்தீன். எல்லாத்துலயும் நல்ல மார்க். டாக்டருக்குப் போவான்னு வீட்டுல நினைச்சிருந்தாங்க. இப்ப கிளாசிக்ஸ்தான் படிப்பேன்னு நிக்கிறா. கிரேக்கம், லத்தீன், ரோமாபுரி வரலாறு, நாலு வருசம். மச்சான் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. செத்த மொழியைப் படிச்சு உருப்பட்டவங்க யாராவது இருக்காங்களா? அறிவுரை வேண்டாம், படிச்சவங்க அனுபவம் இருந்தா சொல்லுங்க.

10.09.2023, காலை 6.40

நான் படிச்சேன். ஆக்ஸ்ஃபோர்டுல இல்ல, தென்மாவட்டத்துல ஒரு குருமடத்துல. 1983ல பத்தாவது முடிச்ச கையோட சாமியாராகப் போனவன். ரெண்டு வருசம் லத்தீன், பெரிய குருமடத்துக்குப் போனதும் ஒரு வருசம் கிரேக்கம். 1991ல பெட்டியைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். ஏன்னு கேக்காதீங்க. கையில தபால்ல முடிச்ச பி.ஏ. ஒண்ணு, தலையில லத்தீன் வினைத்திரிபு நாலு வகை. வேற எதுவும் கிடையாது.

மச்சானைச் சாப்பிடச் சொல்லுங்க.

10.09.2023, மதியம் 2.15

வந்ததும் கிடைச்ச வேலை மெடிக்கல் ரெப். கம்பெனி பேர் வேண்டாம். இன்டர்வியூல மேனேஜர் 'லத்தீன் தெரியுமாமே, எதுக்கு அது?'ன்னு கேட்டார். மேசைமேல ஒரு டாக்டர் சீட்டு கிடந்துச்சு. அதை எடுத்து வாசிச்சுக் காட்டினேன். பி.டி. என்பது 'பிஸ் தியே', நாளில் இருமுறை. டி.டி.எஸ். என்பது 'தெர் தியே சுமெந்தும்', நாளில் மூன்றுமுறை எடுத்துக்கொள்ள வேண்டியது. எச்.எஸ். என்பது 'ஹோரா சோம்னி', தூங்குற நேரம். எஸ்.ஓ.எஸ். என்பது 'சி ஓப்புஸ் சித்', தேவைப்பட்டால். மனுசன் பத்து வருசமா மருந்து விக்கிறவர். பி.டி. தெரியும், அதுக்கு விரிவு ஒண்ணு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரியும். வேலை கிடைச்சிருச்சு.

ஆக, லத்தீன் சோறு போட்டுச்சு. முதல் ஒன்பது வருசம் நேரடியாவே போட்டுச்சு.

10.09.2023, இரவு 11.05

எஸ்.ஓ.எஸ். என்பது கப்பல்காரங்க ஆபத்துக்கு அனுப்புறதுதானேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அது வேற, இது வேற. டோலோ எஸ்.ஓ.எஸ்.ன்னு எழுதியிருந்தா காய்ச்சல் அடிச்சா போட்டுக்கோன்னு அர்த்தம். கப்பல் முழுகலை.

இன்னொண்ணு. பொது டாக்டர் ஓ.டி.ன்னு எழுதினா நாளுக்கு ஒண்ணு. கண் டாக்டர் ஓ.டி.ன்னு எழுதினா 'ஓக்குலுஸ் தெக்ஸ்தெர்', வலது கண். ரெண்டும் லத்தீன்தான். ஒரே சீட்டுல ரெண்டும் வந்தா கடைக்காரர் பாடு திண்டாட்டம். இந்த மாதிரிச் சுருக்கமெல்லாம் வேண்டாம், விரிச்சே எழுதுங்கன்னு இப்பப் பல ஆஸ்பத்திரியில சொல்றாங்க. சரியான முடிவு. என் மூலதனம் போச்சு, அவ்வளவுதான்.

11.09.2023, இரவு 10.20

பெரிய ஆளுங்க பேர் வேணும்னு மச்சான் கேட்டாராம். எழுதிக்கோங்க.

டோனி ஹோர். 1934ல கொழும்புல பிறந்த ஆங்கிலேயர். ஆக்ஸ்ஃபோர்டு மெர்ட்டன் கல்லூரியில கிளாசிக்ஸ். அங்க அதுக்குப் பேர் 'லிட்டரே ஹியூமேனியோரெஸ்'. 1956ல முடிச்சார். கடற்படையில ரஷ்ய மொழி கத்துக்கிட்டார். மாஸ்கோவுக்குப் படிக்கப் போன இடத்துல, ரஷ்ய மொழியை இயந்திரத்தால மொழிபெயர்க்கிற வேலை. அகராதி காந்த நாடாவுல அகரவரிசையில கிடக்கு. வாக்கியத்துல இருக்கிற சொற்களையும் முதல்ல அகரவரிசையாக்கிட்டா, நாடாவை ஒரே ஓட்டமா ஓட்டி எல்லாச் சொல்லையும் பார்த்துரலாம். அதுக்காக யோசிச்சதுதான் குவிக்சார்ட்ங்கிற வரிசைப்படுத்துற முறை. ஊருக்கு வந்து மேலதிகாரிகிட்ட இதுதான் வேகம்னு சொல்ல, அவர் ஆறு பென்னி பந்தயம் கட்டித் தோத்தார். கணினித்துறை படிக்கிற பிள்ளைங்க இன்னிக்கும் அதை எழுதித்தான் பாஸ் ஆகுது. 1980ல டூரிங் விருது, கணினித்துறைக்கு நோபல் மாதிரி.

குருமடத்துல அகராதியை முன்னும் பின்னும் புரட்டிக் கை ஓய்ஞ்ச எனக்கு அந்த நாடா விசயம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நானும் ஒரு பத்தியில இருக்கிற தெரியாத சொற்களை முதல்ல துண்டுத்தாள்ல ஏ, பி, சி வரிசையில எழுதிட்டுத்தான் அகராதியைத் திறப்பேன். எனக்கு ஏன் டூரிங் விருது வரலைங்கிறது ஆராய்ச்சிக்குரியது.

சார்லஸ் கெஷ்கி. இயேசு சபையில சாமியாராகப் போய்ப் பாதியில வந்தவர், நம்ம கேஸ். சேவியர் பல்கலைக்கழகத்துல கிளாசிக்ஸ், பிறகு கணக்கு, பிறகு கணினி. 1982ல இன்னொருத்தரோட சேர்ந்து அடோபி தொடங்கினார். நீங்க திறக்கிற பி.டி.எஃப். எல்லாம் அங்க இருந்து வந்தது.

ஜெரி பிரவுன். அவரும் இயேசு சபை நவசந்நியாசத்துல, அதாவது சாமியார் பயிற்சியோட ஆரம்பக் கட்டத்துல இருந்து வெளிய வந்தவர்தான். 1961ல பெர்க்லியில கிளாசிக்ஸ் பட்டம், அப்புறம் சட்டம், ரெண்டு சுற்றா நாலு தடவை கலிபோர்னியா ஆளுநர்.

அந்தோணி ஃபவுச்சி. கொரோனா காலத்துல தினம் டி.வி.யில வந்த டாக்டர். கல்லூரியில கிளாசிக்ஸும் மருத்துவத்துக்கான பாடங்களும் சேர்த்தே படிச்சார். டாக்டர் ஆசை வீட்டுல இன்னும் மிச்சம் இருந்தா இவரைக் காட்டுங்க.

ஹவுஸ்மன், ஆங்கிலக் கவிஞர். ஆக்ஸ்ஃபோர்டு கடைசிப் பரீட்சையில 1881ல ஃபெயில். டிகிரியே கிடையாது. லண்டன்ல காப்புரிமை அலுவலகத்துல பத்து வருசம் குமாஸ்தா. சாயங்காலம் பிரிட்டிஷ் மியூசியத்துல உட்கார்ந்து லத்தீன் கட்டுரை எழுதி எழுதி, 1892ல லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல லத்தீன் பேராசிரியர்.

13.09.2023, அதிகாலை 4.50

தூக்கம் வரல. முந்தாநாள் போட்ட பட்டியல் உறுத்துது.

இது லாட்டரி விழுந்தவன் போட்டோவைக் கடை வாசல்ல மாட்டுற வேலை. கிளாசிக்ஸ் படிச்ச ஹோர் பெரிய ஆளானார்னா, அந்தக் காலத்துல இங்கிலாந்துல நல்ல பள்ளிக்கூடத்துல கெட்டிக்காரப் பையன்னா அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடமே கிளாசிக்ஸ்தான். எங்க கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாலும் அவங்க மேல வந்திருப்பாங்களோ என்னமோ.

நம்ம ஊரு கதையிலயே பார்க்கலாம். ஐ.சி.எஸ்.க்கு, வெள்ளைக்காரன் காலத்து ஐ.ஏ.எஸ்.க்கு, போட்டித்தேர்வு 1855ல வந்துச்சு. மெக்காலே தலைமையில ஒரு குழு அதுக்கு முந்தின வருசம் மார்க் பட்டியல் போட்டுச்சு. கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. இந்தியாவை ஆளப்போறவனுக்கு நடத்துற பரீட்சை. தமிழுக்கு ஒரு மார்க் கிடையாது. பரீட்சை நடக்கிறது லண்டன்ல. அப்ப கிளாசிக்ஸ் படிச்சவன் பெரிய அதிகாரி ஆனான்னா அதுல ஆச்சரியம் என்ன இருக்கு? வாசற்படியை அவன் கால் அளவுக்குத்தான் செதுக்கி வச்சிருந்தாங்க.

லத்தீன் படிச்சா மூளை கூர்மையாகும், மத்த பாடமும் தானா வரும்னு குருமடத்துலயும் சொல்லுவாங்க. தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1924லயே பள்ளிப் பிள்ளைங்களை வச்சுச் சோதிச்சுப் பார்த்துட்டார். லத்தீனுக்குன்னு தனி மகிமை ஒண்ணும் தெரியல. கெட்டிக்காரப் பிள்ளைங்க லத்தீன் எடுத்ததால லத்தீன் கெட்டிக்காரத்தனம் தருதுன்னு தோணியிருக்கு, அவ்வளவுதான்.

ஆக, மச்சான்கிட்ட அந்தப் பட்டியலைக் காட்டாதீங்க. காட்டிட்டீங்கன்னா சரி.

13.09.2023, காலை 9.00

காட்டிட்டாராம். ரெண்டு இட்லி சாப்பிட்டாராம்.

17.09.2023, இரவு 8.30

'அப்ப உங்களுக்கு அதனால உண்மையில என்னதான் ஆச்சு அண்ணாச்சி?'ன்னு கேட்டவருக்கு.

2001ல ரெப் வேலையை விட்டேன். வெயில்ல பையைத் தூக்கிட்டு டாக்டர் ரூம் வாசல்ல நின்னு நின்னு முட்டி போச்சு. அப்ப சென்னையில மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் புயல் மாதிரி வந்துச்சு. அமெரிக்க டாக்டர் வாய்க்குள்ள முனகுறதை ஹெட்போன்ல கேட்டு டைப் அடிக்கணும். நான் பயிற்சி கொடுக்கிற ஆளா சேர்ந்தேன்.

பிள்ளைங்க தடுமாறுற இடம் ஒண்ணு உண்டு. 'கொலெக்டமி', 'கொலாஸ்டமி'. காதுல ரெண்டும் ஒண்ணுதான். முதலாவது பெருங்குடலை வெட்டி வெளிய எடுக்கிறது. ரெண்டாவது குடலுக்கு வயித்துமேல ஒரு வாய் வைக்கிறது. கிரேக்கத்துல 'ஸ்டோமா'ன்னா வாய், 'எக்'னா வெளியே, 'டோமே'ன்னா வெட்டு. இதை மனப்பாடம் பண்ணாதீங்க, பிச்சுப் பாருங்கன்னு சொல்லிக் கொடுத்தேன். டாக்டர் அடுத்த வரியில பை மாத்துறதைப் பத்திப் பேசினா வாய் வச்சிருக்காங்கன்னு அர்த்தம், வெறும் எடுப்பு இல்ல. முன்பின் பார்த்து முடிவு பண்ணணும். பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க ஒரே மாசத்துல பிடிச்சுக்கிட்டாங்க. அந்த மாசம் பாடம் நடத்தின மாதிரி அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நான் எதையும் நடத்தினதில்ல.

அப்புறம் குரலைக் கணினியே எழுத ஆரம்பிச்சது. அந்தத் தொழிலும் மெலிஞ்சுபோச்சு.

18.09.2023, இரவு 9.45

இப்பப் பாக்கிற வேலை: புது மருந்து சோதிக்கிற ஆராய்ச்சிகள்ல சேருற நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழ்ல கொண்டுவர்றது, மத்தவங்க செஞ்சதைத் திருத்துறது.

ஒரு படிவத்துல 'நாளைக்கு இரண்டு மாத்திரை'ன்னு இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. இன்னிக்கு ஒண்ணும் போடாம நாளைக்கு ரெண்டு போடணுமா? இல்ல தினமும் ரெண்டா? இதுல 'இரண்டு நாளைக்கு'ன்னு சொல் இடம் மாறிருச்சுன்னா அது வேற அர்த்தம். 'பிஸ் தியே'ல இந்தத் தொல்லை கிடையாது. 'ஒவ்வொரு நாளும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று'ன்னு மாத்தி எழுதினோம். சின்ன விசயம்தான். ஆனா ஒரு கிழவி நாளைக்காகக் காத்துக்கிட்டு இன்னிக்கு மருந்து போடாம இருந்தா?

இதைத்தான் லத்தீன் கொடுத்துச்சுன்னு நினைக்கிறேன். லத்தீன்ல சொல்லை எங்க வேணும்னாலும் போடலாம், வேற்றுமை உருபு காப்பாத்தும். வினை பெரும்பாலும் கடைசியில வரும், நம்மளை மாதிரியே. கிழவர் ஒருத்தர் எங்களுக்கு வாத்தியார். வாக்கியம் முடியுறதுக்கு முன்னால அர்த்தம் சொன்னா பிரம்பு எடுப்பார். 'வினை வரட்டும்டா, அதுக்குள்ள என்ன அவசரம்?' ரோமாபுரிக் கல்வெட்டுல எஸ்.பி.கியூ.ஆர்.ன்னு இருக்குமே, 'செனாத்துஸ் பொப்புலுஸ்க்வே ரோமானுஸ்', அதுல 'க்வே'ன்னு ஒட்டியிருக்கிறது நம்ம 'உம்'மேதான்னு காட்டினவரும் அவர்தான். செனட்டும் மக்களும். எனக்கு என் தமிழ் இலக்கணமே அந்த லத்தீன் வகுப்புல புரிஞ்சது. பள்ளிக்கூடத்துல இரண்டாம் வேற்றுமை 'ஐ'ன்னு ஒப்பிச்சிருக்கேன். அது எதுக்கு இருக்குன்னு தெரியாது.

24.09.2023, மதியம் 1.10

மச்சானுக்குத் துணைக்கு ஒரு அப்பா. டெட் டர்னர், சி.என்.என். தொடங்கினவர், பிரவுன் பல்கலைக்கழகத்துல கிளாசிக்ஸ் எடுத்தப்ப அவங்க அப்பா நீளமா ஒரு கடுதாசி எழுதினார். விளம்பரப் பலகை தொழில் பண்றவர். அதிர்ச்சி, அருவருப்பு, இதை வச்சு யார்கூட நீ என்ன பேசப்போறேன்னு பக்கம் பக்கமா. பையன் அதைக் கொண்டுபோய்க் கல்லூரிப் பத்திரிகையில அச்சாக்கிட்டான். மச்சான் வாட்ஸப்ல எதுவும் நீளமா எழுத வேண்டாம்.

(பையன் அப்புறம் பொருளாதாரத்துக்கு மாறினான். அதையும் முடிக்கல.)

01.10.2023, இரவு 10.00

எங்க பேட்ச் என்ன ஆச்சுன்னு ஒருத்தர். நாங்க சேர்ந்தது 22 பேர். சாமியாரானது நாலு. ஒருத்தன் மஸ்கட்ல ஸ்டோர் கீப்பர். ஒருத்தன் தலைமைக் காவலர். ரெண்டு பேர் பள்ளி ஆசிரியர். ஒருத்தன் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடை. ஒருத்தன் வக்கீல். மூணு பேர் செத்துப்போனாங்க, அதுல ஒண்ணு குடி. மிச்சப் பேர் எங்க இருக்காங்கன்னு தெரியல.

வக்கீல்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். 'எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சுன்னு கட்சிக்காரன் வந்து அழும்போது, அது எக்ஸ் பார்த்தே, ஒரு தரப்பில் இருந்துன்னு அர்த்தம்னு சொல்லிப் பார்த்தேன். ஃபீஸ் கூடல'ங்கறான். போலீஸ்காரன், 'அலிபின்னா வேறிடம்னு எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது, அதை வெளிய சொல்லாம இருக்கிறதுதான் நான் கத்துக்கிட்டது'ன்னான். ஸ்பேர்ஸ் கடைக்காரன்தான் ஆச்சரியம். ராத்திரி கடையைப் பூட்டினதும் ஒரு பக்கம் லத்தீன் வாசிப்பானாம், முப்பது வருசமா. பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது, கணக்குப் பாக்கிறார்னு நினைச்சிருக்கு. எதுக்குடான்னேன். 'நாள்பூரா பேரிங் நம்பரா மண்டையில ஓடுதுல்ல'ங்கறான்.

இதையெல்லாம் எந்தக் கணக்குல எழுதுறதுன்னு தெரியல. வேலைவாய்ப்புக் கணக்குல ஏறாது.

கல்யாணச் சந்தையில 'சாமியாருக்குப் படிச்சு ஓடிவந்தவன்' என்கிறதுக்கு என்ன மதிப்புன்னு யாரும் கேக்கல. நல்லது. மூணு வருசம் பொண்ணு கிடைக்கல.

02.10.2023, காலை 7.30

லீவு. இழை எங்கயோ போகுது, போகட்டும்.

கிளாசிக்ஸ் படிச்சு வாழ்க்கை திசை மாறினவங்கன்னா எனக்கு முதல்ல தோணுறது அரவிந்தர். ஏழு வயசுல இங்கிலாந்துக்கு அனுப்பிட்டார் அப்பா, பையன் ஐ.சி.எஸ். ஆகணும். லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில கிளாசிக்ஸ், முதல் வகுப்பு. ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வு பாஸ். குதிரையேற்றச் சோதனையில தேறல. பரோடா சமஸ்தானம், வங்காள அரசியல், அலிப்பூர்ச் சிறை, 1910 ஏப்ரல்ல புதுச்சேரி. அங்க பாரதியோட சேர்ந்து ஆழ்வார் பாட்டை ஆங்கிலத்துல கொண்டுவந்தார். அதே புதுச்சேரியில உட்கார்ந்து டிராய் போரைப் பத்தி ஹோமர் பாணியில காவியமும் எழுதிக்கிட்டு இருந்தார். அப்பா போட்ட கணக்கு என்ன, வந்த விடை என்ன.

இன்னொருத்தர் தனிநாயகம் அடிகள். ஈழத்துக்காரர், ரோம்ல படிச்சுக் குருவானவர். ஐரோப்பிய மொழிகள் எத்தனையோ தெரியும். தமிழ் இலக்கியத்துல இறங்கினது வடக்கன்குளம் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்த பிறகு, ஒரு பண்டிதர்கிட்ட. அப்புறம் அண்ணாமலையில தமிழ் எம்.ஏ. சங்கப் பாட்டுல வர்ற இயற்கையைக் கிரேக்க, ரோமக் கவிதையோட வச்சுப் பார்த்து எழுதினார். 1966ல கோலாலம்பூர்ல முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்ததுன்னா அவர் ஓடின ஓட்டம்தான் காரணம். தமிழுக்கு வெளிய நின்னு படிச்ச படிப்பு தமிழைப் பாக்க வேற கண்ணு கொடுத்திருக்கு.

அப்ப எம்.ஏ. தமிழ் படிச்சவங்க நிலைமை என்னன்னு ஒருத்தர் கீழ கேட்டிருக்கார். அதுக்குத் தனி இழை தொடங்குங்க, அடிதடிக்கு நானும் வர்றேன்.

09.10.2023, இரவு 9.20

திருத்தம். ஹவுஸ்மனுக்கு டிகிரியே கிடையாதுன்னு எழுதியிருந்தேன். தப்பு. ஃபெயிலானது ஹானர்ஸ் பரீட்சையில. திரும்பிப் போய்ச் சாதாரண பாஸ் டிகிரிக்கு எழுதித் தேறினார். சுட்டிக்காட்டினவருக்கு வணக்கம். ஃபெயிலானவன் கதைன்னா எனக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்ற வழக்கம் இருக்கு.

'கிளாசிக்ஸ் மனுசனைப் பண்படுத்தும்'னு இன்னொருத்தர் எழுதியிருக்கார். ஈனாக் பவல்னு ஒரு பிரிட்டிஷ் அரசியல்வாதி. 25 வயசுல சிட்னியில கிரேக்கப் பேராசிரியர், 1937ல. அப்பேர்ப்பட்ட படிப்பு. அவரேதான் 1968ல பர்மிங்காம்ல, குடியேறிகளுக்கு எதிரா, ரோமக் கவி வெர்ஜில் காவியத்துல வர்ற டைபர் நதி ரத்தமா நுரைக்கிறதைச் சொல்லிப் பேசினார். உங்க அக்கா வீட்டுத் தெருவுல இருக்கிற பழைய ஆளுங்களைக் கேளுங்க, அந்தப் பேச்சுக்கு அடுத்த வாரம் எப்படி இருந்துச்சுன்னு. பண்பு எல்லாம் வேற இடத்துல இருந்துதான் வரணும்.

14.10.2023, இரவு 11.40

'நாளைக்கு இரண்டு' கதையை மூணு பேர் வேற குழுவுல பகிர்ந்திருக்காங்க. அதனால உண்மையைச் சொல்லிடறேன்.

அதை முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல. அந்தப் படிவம் என் கையெழுத்தோட ஒரு தடவை போயிருச்சு. நான் பார்த்தேன், வாசிச்சேன், ஒண்ணும் தோணல. அங்க இருந்த ஒரு நர்ஸ் போன் பண்ணுச்சு. 'சார், ஒரு பாட்டி நாளைக்கா இன்னிக்கான்னு கேக்குறாங்க.' அப்புறம்தான் மாத்தினோம். அந்தப் பொண்ணு படிச்சது நர்சிங். லத்தீன் வாசனையே கிடையாது. பாட்டி பள்ளிக்கூடமே போகாதவங்களா இருக்கலாம். வினை வரட்டும்னு காத்திருந்து வாசிச்சது அவங்க ரெண்டு பேரும்தான்.

அன்னிக்கு அப்படி ஏன் எழுதினேன்னு யோசிச்சுப் பார்த்தேன். எட்டு வருசம் போட்டதுக்கு ஏதாவது வட்டி வந்திருக்கணும்னு ஆசை. எங்க அம்மா சாகுறவரைக்கும் பூசைக்குப் போற வழியில யாரைப் பார்த்தாலும் 'என் மகன் லத்தீன் படிச்சவன்'னுதான் சொல்லும். சாமியாராகலைங்கிறதை மறைக்கத்தான் அது. நானும் அதையே பண்ணிக்கிட்டு இருக்கேன் போல.

ஆனா அந்தப் போனை வச்ச பிறகு, அந்த ரெண்டு சொல்லை எத்தனை விதமா வாசிக்கலாம்னு காகிதத்துல எழுதிப் பார்த்தேன் பாருங்க, மூணு மணி நேரம் போனதே தெரியல. எனக்கு அது பிடிக்கும். அதைத் தவிர உறுதியா வேற எதுவும் சொல்ல முடியல.

15.10.2023, காலை 6.15

நடைமுறை விசயம், முதல்லயே சொல்லியிருக்கணும். நம்ம ஊர்ல டிகிரி பேர்தான் வேலையின் பேர். பி.காம்.னா கணக்கு, பி.இ.ன்னா கம்பெனி. இங்கிலாந்துல அப்படி இல்ல. பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்கள்கூட எந்தப் பட்டமா இருந்தாலும் எடுத்துப் பயிற்சி கொடுக்கும். சட்டத்துக்கு வேற பட்டம் படிச்சவங்களும் மாறிக்கலாம். மருத்துவத்துக்கே பட்டதாரிகளுக்குன்னு தனி வழி இருக்கு, போட்டிதான் கடுமை. அரசுப் பணித் தேர்வு பழையபடி கிரேக்கத்துக்கு 750 கொடுக்கிறதில்ல, ஆனா கதவும் சாத்தல. பள்ளியில கிரேக்கம் படிக்காட்டியும் அங்க போய் முதல் எழுத்துல இருந்து கத்துக்க வழி வச்சிருக்காங்க. கடன் ஏறும், அது எந்தப் படிப்புக்கும் ஏறும்.

மச்சான் பயம் நம்ம ஊர்ப் பயம். தப்பில்ல. ஊர் மட்டும்தான் மாறியிருக்கு.

28.01.2024, இரவு 9.50

கேள்வி கேட்ட தம்பி தகவல் போட்டிருக்கார். பொண்ணுக்கு ஒரு இடத்துல 'இல்ல', இன்னொரு இடத்துல நிபந்தனையோட இடம். கிளாசிக்ஸேதான். மச்சான் ஒரு நிபந்தனை போட்டாராம், லீவு மாசத்துல அக்கவுண்டன்சி வகுப்பு. பொண்ணு ஒத்துக்கிச்சு. எங்க அப்பாவும் ஒரு நிபந்தனை போட்டார் 1983ல: 'பிடிக்கலைன்னா திரும்பி வந்துரு, ஊர் என்ன பேசினாலும் நான் பார்த்துக்கறேன்.' அவர் இருக்கிறவரைக்கும் பார்த்துக்கிட்டார்.

பொண்ணே எனக்குத் தனியா எழுதியிருந்துச்சு. தமிழ் பேச வரும், எழுத வராதாம், ஆங்கிலத்துல இருந்துச்சு. 'க்வே'க்கும் 'உம்'முக்கும் ஒரு வித்தியாசம் இருக்குது அங்கிள், தமிழ்ல ரெண்டு சொல்லுலயும் 'உம்' வரணும், செனட்டும் மக்களும், லத்தீன்ல ஒண்ணுல மட்டும் வந்தாப் போதும், ஏன் அப்படின்னு கேட்டிருக்கு. நாப்பது வருசமா இது எனக்குத் தோணல. கிழவர் இருந்தா அவர்கிட்டக் கேட்டிருப்பேன்.

03.02.2024, மதியம் 12.30

என்கிட்ட ஒரு பழைய லத்தீன் அகராதி இருக்கு, அதைப் பொண்ணுக்கு அனுப்பலாம்னு இருக்கேன். முன்பக்கத்துல குருமடத்து நூலக முத்திரை இருக்கும். 1991ல திருப்பிக் கொடுக்காமக் கொண்டுவந்துட்டேன். பாவசங்கீர்த்தனத்துல இதை மட்டும் இதுவரைக்கும் சொன்னதில்ல. இங்க சொல்லியாச்சு.

இணையத்துலயே எல்லா அகராதியும் இலவசமா இருக்கே, தபால் செலவு எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு: இருக்கு. தெரியும்.

09.02.2024, மாலை 5.40

அனுப்பியாச்சு. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. சுங்கப் படிவத்துல பொருளின் மதிப்புன்னு ஒரு கட்டம். ரொம்ப நேரம் யோசிச்சு ஐநூறு ரூபான்னு போட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு அட்டை பிஞ்சிருக்கிறதைப் பார்த்துட்டு, 'பழைய புக்குதான சார், இருநூறுன்னு போடுங்க போதும்'னுச்சு.

அடிச்சுட்டு இருநூறுன்னு போட்டேன்.